பன்னிரண்டு மாதக் கனடிய அனுபவம்: ஒரு லைசென்சின் கதை

எங்கட சமூகத்தில் இஞ்சினியர் எண்டது வெறும் தொழிலின் பெயர் இல்லை. ஏ.எல். இல் கணிதப் பிரிவு எடுத்த நாளில் இருந்து வீட்டில் அந்தச் சொல் புழங்கத் தொடங்கிவிடும். கம்பஸ் கிடைத்தால் கலியாணப் பேச்சில் வரும். கடைசியில் மரண அறிவித்தலிலும் "ஓய்வுபெற்ற பொறியியலாளர்" என்று பெயருக்குக் கீழே வந்து நிற்கும். இப்படிப் பிறந்ததில் இருந்து இறக்கும் வரை ஒட்டிக்கொள்ளும் ஒரு பட்டம் விமானம் ஏறினவுடன் கழன்று விழுந்த கதைகளும் எங்களிடம் நிறைய இருக்கின்றன. பேராதனையிலோ மொறட்டுவையிலோ படித்து, இங்கே திணைக்களத்தில் வீதியும் குளமும் பார்த்தவர், ரொறன்ரோவில் ரக்சி ஓடினார், தொழிற்சாலையில் இரவு வேலை செய்தார் என்ற கதை தெரியாத குடும்பம் எங்களுக்குள் குறைவு. "அங்க லைசென்ஸ் இல்லாட்டி இஞ்சினியர் எண்டு சொல்லவே ஏலாது" என்பதோடு அந்தக் கதை வழக்கமாக முடிந்துவிடும்.

அந்த லைசென்ஸ் என்ன, அது எங்கிருந்து வந்தது, ஏன் இவ்வளவு இறுக்கமாக இருந்தது என்று ஒருவரும் மேலே சொல்வதில்லை. நாங்கள் கொஞ்சம் பின்னுக்குப் போய்த் தேடிப் பார்த்தோம். தேடல் எங்களைக் கொண்டுபோய் விட்ட இடம் ஒரு பாலம்.

கனடாவின் கியூபெக் நகருக்கு அருகே செயின்ற் லோறன்ஸ் ஆற்றைக் கடக்க ஒரு ரயில் பாலம் கட்டத் தொடங்கினார்கள். கன்ரிலீவர் வகைப் பாலம். அதாவது இரண்டு கரைப் பக்கத்துத் தூண்களில் இருந்தும் இரும்புக் கைகள் ஆற்றுக்கு மேலே நீண்டு வர, நடுவில் ஒரு துண்டை வைத்து இணைப்பது. பெனிசில்வேனியாவைச் சேர்ந்த பீனிக்ஸ் பாலக் கம்பனி இரும்பு வேலையை எடுத்தது. மேற்பார்வைக்கு நியூயோர்க்கில் இருந்த தியோடர் கூப்பரை அமர்த்தினார்கள். அந்தக் காலத்து அமெரிக்காவில் பாலம் என்றால் அவர்தான். அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை.

1900 இல் கூப்பர் நடு இடைவெளியை 1,600 அடியில் இருந்து 1,800 அடியாக நீட்டச் சொன்னார். ஆழமான தண்ணீரில் தூண் எழுப்புகிற கஷ்டம் குறையும், பனிக்கட்டியின் தாக்கமும் குறையும் என்பது அவர் சொன்ன காரணம். ஸ்கொட்லாந்தின் போர்த் பாலத்தை விடப் பெரிதாகி, உலகிலேயே நீளமான கன்ரிலீவர் பாலமாக அது மாறும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் இடைவெளி நீண்டால் பாலத்தின் சொந்தப் பாரமும் கூடும். அந்தப் பாரத்தை உரிய நேரத்தில் ஒருவரும் திரும்பக் கணக்குப் பார்க்கவில்லை. பழைய மதிப்பீட்டை வைத்தே இரும்பை வெட்டினார்கள். 1906 இல் உண்மையான பாரம் கணக்கை மிஞ்சிவிட்டது என்று தெரிய வந்தபோது பெரும்பகுதி இரும்பு ஏற்கனவே தயாராகிவிட்டது. திரும்பத் தொடங்குவதா, கூடுதல் பாரத்தை ஏற்றுக்கொள்வதா? தாங்கும் என்று கூப்பர் முடிவெடுத்தார்.

இதற்கு முன்பே ஒரு தடுப்பு இருந்திருக்கலாம். கனடிய அரசின் ரயில்வேத் திணைக்களம் வரைபடங்களைத் தானும் பரிசோதிக்க வேண்டும் என்று கேட்டது. கூப்பருக்கு அது கௌரவப் பிரச்சினை. எதிர்த்தார். அரசு பின்வாங்கியது. கியூபெக் பாலக் கம்பனியின் சொந்தத் தலைமைப் பொறியியலாளர் இவ்வளவு பெரிய பாலத்தில் வேலை செய்த அனுபவமே இல்லாதவர். அவரும் கூப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பரோ உடல்நலம் சரியில்லை என்று 1903 க்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. வேலைத்தளத்தில் அவருடைய கண்ணாக இருந்தவர் நோர்மன் மக்லூர், படித்து முடித்து மூன்று வருடமே ஆன ஒரு இளம் பொறியியலாளர். எங்களில் பலருடைய வயதுதான் இருக்கும்.

1907 ஓகஸ்டில் அந்த இளைஞர் பாலத்தின் கீழ்ப்பக்கத்து அழுத்தம் தாங்கும் உறுப்புகள் வளைவதைக் கண்டார். ஒன்றில் முக்கால் அங்குலமாக இருந்த வளைவு சில நாட்களில் இரண்டே கால் அங்குலமாகிவிட்டது. கூப்பருக்குக் கடிதம் எழுதினார். பீனிக்ஸ் கம்பனிக்காரர் அது பட்டறையில் இருந்து வரும்போதே வளைந்திருந்தது என்று சாதித்தார்கள். தளத்தில் வேலையை நிறுத்துவதா விடுவதா என்று இழுபறி. நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் தனக்கு இருக்கிறது என்று அங்கே நின்ற ஒருவரும் உறுதியாக நம்பவில்லை. மக்லூரை ரயிலேற்றி நியூயோர்க்குக்கு அனுப்பினார்கள்.

ஓகஸ்ட் 29 மதியம் கூப்பர் அவரைச் சந்தித்தார். நிலைமை விளங்கியது. இனிப் பாலத்தில் பாரம் ஏற்ற வேண்டாம் என்று தந்தி அடித்தார். ஆனால் தந்தி போனது கியூபெக்குக்கு இல்லை, பெனிசில்வேனியாவில் இருந்த கம்பனிக்கு. அங்கே மக்லூர் வந்து சேரட்டும், பேசுவோம் என்று வைத்திருந்தார்கள். மாலை 5.37 க்கு, வேலை முடியும் விசில் ஊத இன்னும் கொஞ்ச நேரம் இருக்க, பாலத்தின் தெற்குப் பக்கம் முழுவதும் ஆற்றுக்குள் இறங்கியது. எல்லாம் பதினைந்து விநாடிக்குள். அந்த நேரம் பாலத்தில் 86 பேர் இருந்தார்கள். 75 பேர் இறந்தார்கள். விழுந்த உடனே எல்லோரும் இறக்கவில்லை. இரும்புக்குள் சிக்கிக் கரையோரத்தில் கிடந்தவர்களை வெட்டி எடுக்க வழி இல்லை. இரவு ஆற்றில் வற்றுப்பெருக்கு ஏற ஏற, மீட்க வந்தவர்களின் கண் முன்னாலேயே அவர்கள் மூழ்கினார்கள்.

இறந்தவர்களில் 33 பேர் கானவாகே என்ற மோஹாக் பூர்வகுடி ஊரைச் சேர்ந்தவர்கள். உயரத்தில் இரும்பு வேலை செய்வதில் பெயர் எடுத்த ஊர் அது. ஒரே சின்ன ஊரில் 33 பேர், ஒரே மாலையில். ஒரே தொழிலுக்குப் போன ஆண்களை ஒரே நாளில் இழக்கிற ஊர் எப்படி இருக்கும் என்பதை எங்கட கரையோரங்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. அதற்குப் பிறகு எல்லா ஆண்களும் ஒரே கட்டுமானத்துக்குப் போகக்கூடாது என்று அந்த ஊர்ப் பெண்கள் கேட்டுக்கொண்டதாகச் சொல்கிறார்கள்.

விசாரணைக்கு ஒரு அரச ஆணைக்குழு அமைத்தார்கள். மூன்று பேரும் பொறியியலாளர்கள். 1908 இல் வந்த அறிக்கை மழுப்பவில்லை. வடிவமைத்த பீனிக்ஸ் பொறியியலாளரின் பெயரையும் கூப்பரின் பெயரையும் சொல்லியே, அவர்களின் தீர்மானப் பிழைதான் காரணம் என்று எழுதியது. பாலத்தைத் திரும்பக் கட்டினார்கள். 1916 செப்ரெம்பரில் நடுத் துண்டைத் தூக்கும்போது அது விழுந்து இன்னும் 13 பேர் இறந்தார்கள். 1917 இல் தான் ரயில் ஓடியது. இன்றும் உலகின் மிக நீளமான கன்ரிலீவர் பாலம் அதுதான், 549 மீற்றர்.

பாலம் விழுந்தது, அதனால் லைசென்ஸ் சட்டம் வந்தது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அது அவ்வளவு நேர் கோடு இல்லை. யார் பொறியியலாளராக வேலை செய்யலாம் என்ற சட்டம் மானிட்டோபாவில் 1896 இலும், பாலம் விழுந்த அதே கியூபெக்கில் 1898 இலும் வந்துவிட்டது. அது தாளில் இருந்தது. இன்னொன்று, கூப்பரை எந்தப் பரீட்சையில் இருத்தினாலும் பாஸ் பண்ணியிருப்பார். தகுதியில்லாத ஒருவர் கட்டி விழுந்த பாலம் இல்லை இது. அங்கே இல்லாமல் போனது பொறுப்பு. கடைசிக் கையொப்பம் யாருடையது, அந்தக் கையொப்பம் போட்டவர் தளத்துக்கு வரவேண்டுமா, அவரை இன்னொருவர் கேள்வி கேட்கலாமா, வளைவைக் கண்ட இளைஞர் தானே வேலையை நிறுத்தலாமா என்று ஒன்றும் தெளிவில்லை. இந்த வித்தியாசத்தை நாங்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் வரும்.

ஒரு விசித்திரமான தற்செயல். அதே 1907 இல், பாலம் விழ மூன்று கிழமைக்கு முன், ஓகஸ்ட் 8 இல், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் சார்ல்ஸ் பெல்லமி என்பவர் அந்த நாட்டின் முதலாவது உரிமம் பெற்ற பொறியியலாளராகப் பதிவானார். அங்கே காரணம் மரணம் இல்லை, தண்ணீர். வறண்ட மாநிலம். வயலுக்குத் தண்ணீர் எடுக்க அனுமதி கேட்டு வருகிற வரைபடங்களைப் பார்த்த மாநிலப் பொறியியலாளர் கிளாரன்ஸ் ஜோன்ஸ்ரனுக்குத் தலை சுற்றியது. சட்டத்தரணியும் நொத்தாரிசும் தாங்களே இஞ்சினியர் என்று கையெழுத்து வைத்து அனுப்பியிருந்தார்கள். அளவுகள் ஒன்றும் பொருந்தவில்லை. அளவு பிழைத்தால் வாய்க்கால் பிழைக்கும், வாய்க்கால் பிழைத்தால் வழக்கு. வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேலே விளக்கம் வேண்டாம்.

கனடாவுக்குத் திரும்புவோம். முதலாம் உலகப்போர் முடிந்தவுடன் பொறியியலாளர் சங்கத்துக்குள் பெரிய வாதம் நடந்தது. மருத்துவருக்கும் சட்டத்தரணிக்கும் இருப்பது போல ஒரு சட்டம் எங்களுக்கு ஏன் இல்லை? பொதுமக்களின் பாதுகாப்பு ஒரு காரணம். சம்பளமும் மரியாதையும் இன்னொரு காரணம். அதை மறைத்துப் பயனில்லை. 1919 இல் மாதிரிச் சட்டம் ஒன்றை எழுதினார்கள். 1920 இல் பல மாகாணங்கள் அதைப் பின்பற்றிச் சட்டம் இயற்றின. ஒன்ராறியோவின் சட்டம் 1922 யூனில் வந்தது. ஆனால் அது விரும்பினால் பதியலாம் என்ற சட்டம். பதியாமலும் பாலம் கட்டலாம், கட்டடம் எழுப்பலாம். தகுதியற்றவர்கள் வடிவமைத்த பாலங்களும் கட்டடங்களும் விழுந்த பிறகுதான், 1937 இல், கதவை மூடினார்கள். அன்றிலிருந்து ஒன்ராறியோவில் உரிமம் இல்லாமல் பொறியியல் தொழில் செய்வது சட்டவிரோதம்.

இதே காலத்தில்தான் இரும்பு மோதிரமும் வந்தது. கனடாவில் படித்த அண்ணாமார் அக்காமாரின் சின்ன விரலில் பார்த்திருப்பீர்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேர்பேர்ட் ஹோல்ரெய்ன் எழுத்தாளர் றட்யார்ட் கிப்லிங்கிடம் கேட்டு ஒரு உறுதிமொழிச் சடங்கை எழுதுவித்தார். 1925 இல் முதல் சடங்கு நடந்தது. முதல் மோதிரங்கள் விழுந்த கியூபெக் பாலத்தின் இரும்பில் செய்தவை என்று எல்லோரும் சொல்லுவார்கள். அது கட்டுக்கதை. மோதிரம் லைசென்சும் இல்லை. அது மனச்சாட்சிக்கு. லைசென்ஸ் நீதிமன்றத்துக்கு.

அந்த லைசென்சின் உயிர் ஒரு முத்திரையில் இருக்கிறது. உரிமம் பெற்றவர் வரைபடத்தில் தன் பெயர் பொறித்த முத்திரையைக் குத்திக் கையொப்பமிட்டால், இதற்கு நான் பொறுப்பு என்று அர்த்தம். முதலாளி சொன்னார், கம்பனி சொன்னது என்று பின்னர் தப்ப முடியாது. உரிமத்தைப் பறிக்கலாம். 1907 இல் கியூபெக் தளத்தில் இல்லாமல் இருந்தது இதுதான்.

ஆனாலும் முத்திரை மந்திரம் இல்லை. 2012 யூனில் ஒன்ராறியோவின் எலியற் லேக் என்ற சின்ன நகரத்தில் ஒரு கடைத்தொகுதியின் கூரை உடைந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். கூரைக்கு மேலே வாகனத் தரிப்பிடம். பல வருடமாக உப்புத் தண்ணீர் ஒழுகி உள்ளிருந்த இரும்பைத் தின்றிருந்தது. சில வாரங்களுக்கு முன்னால்தான் கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று ஒரு அறிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. அதைத் தயாரித்தவர் அதற்கு முன்னரே உரிமத்தை இழந்திருந்தவர். பின்னர் குற்றவியல் வழக்கில் அவரை நீதிமன்றம் விடுவித்தது. இறந்தவர்களுக்கு அதில் ஒன்றும் மாறவில்லை. எழுபத்தைந்து வருடமாக மூடியிருந்த கதவுக்குள்ளேயே இது நடந்தது.

இனி எங்கட கதை. 1967 இல் கனடா புள்ளி முறையைக் கொண்டு வந்தது. எந்த நாடு, எந்த நிறம் என்று பார்க்காமல் படிப்புக்கும் தொழிலுக்கும் புள்ளி. அந்த வழியால் இலங்கைப் பொறியியலாளர்களும் போனார்கள். 1983 க்குப் பிறகு அகதிகளாகப் போனவர்களுக்குள்ளும் பொறியியலாளர்கள் இருந்தார்கள். நாட்டுக்குள் வரப் பட்டம் புள்ளி வாங்கிக் கொடுத்தது. வந்த பிறகு அதே பட்டத்துக்கு மதிப்பில்லை. குடிவரவு மத்திய அரசின் கையில், லைசென்ஸ் மாகாணத்தின் கையில். ஒன்று கூப்பிட்டது, மற்றது வாசலில் மறித்தது.

ஒன்ராறியோவில் பி.எங். உரிமம் எடுக்க வேண்டியவை இவை. ஏற்றுக்கொள்ளப்பட்ட பட்டம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில்நுட்பப் பரீட்சைகள் எழுத வேண்டும். சட்டமும் ஒழுக்கமும் பற்றி ஒரு பரீட்சை. 48 மாத வேலை அனுபவம். அந்த 48 இல் குறைந்தது 12 மாதம், கனடிய உரிமம் பெற்ற பொறியியலாளரின் கீழ் செய்ததாக இருக்க வேண்டும். கடைசி வரிதான் சுருக்கு. கனடிய அனுபவம் இல்லாமல் உரிமம் இல்லை. உரிமம் இல்லாதவருக்கும் கனடிய அனுபவம் இல்லாதவருக்கும் வேலை கொடுக்கக் கம்பனிக்கு மனமில்லை. பலர் படம் வரைகிற வேலைக்கும் தொழில்நுட்பவியலாளர் வேலைக்கும் இறங்கினார்கள். உரிமம் உள்ள ஒருவர் பொறுப்பெடுத்தால் அவருக்குக் கீழே செய்யலாம், அது சட்டத்துக்குள்தான். சிலர் இரவில் படித்துப் பரீட்சை எழுதி, ஏழெட்டு வருடத்தில் முத்திரையைக் கையில் வாங்கினார்கள். வீட்டு வாடகையும் ஊருக்கு அனுப்ப வேண்டிய காசும் கழுத்தை நெரிக்கையில் மற்றவர்களுக்கு அது முடியவில்லை. அவர்கள் கெட்டித்தனம் குறைந்தவர்கள் என்று நாங்கள் எண்ணினால் அது அநியாயம்.

இங்கேதான் கூப்பரை ஞாபகப்படுத்த வேண்டும். இந்த மண்ணில் வேலை செய்தவர் என்பது பாதுகாப்புக்கு உத்தரவாதம் என்றால், வட அமெரிக்காவிலேயே படித்து, வட அமெரிக்காவிலேயே பாலம் கட்டிப் பேரெடுத்த மனிதரின் பாலம் விழுந்திருக்கக் கூடாது. உறைபனி கொங்கிறீற்றை என்ன செய்யும், கூரையில் எவ்வளவு பனி சேரும், அங்கத்தைய கட்டட விதிகள் என்ன என்பதெல்லாம் கட்டாயம் தெரிய வேண்டும். வெப்ப நாட்டில் இருந்து போனவருக்கு அது புதுசு, சும்மா விட முடியாது. ஆனால் அது தெரியுமா என்று பரீட்சித்துப் பார்க்கலாம். ஒருவர் எந்த நாட்டில் சம்பளம் வாங்கினார் என்பது அந்த அறிவை அளக்கும் கருவி இல்லை.

இதை ஒத்துக்கொள்ள நெடுநாள் எடுத்தது. 2013 இல் ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு, கனடிய அனுபவம் கட்டாயம் என்று கேட்பது மேலோட்டமாகவே பாரபட்சம் என்று கொள்கை வெளியிட்டது. அல்பேர்ட்டாவில் செக்கோஸ்லோவாக்கியாவில் படித்த ஒரு பொறியியலாளர் உரிம அமைப்புக்கு எதிராக வழக்குப் போட்டார். 2014 இல் மனித உரிமைத் தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்றது. 2016 இல் நீதிமன்றம் அதை மாற்றியது. பொதுமக்கள் பாதுகாப்புக்காகத் தகுதியைச் சோதிப்பது நியாயமே என்பது நீதிமன்றத்தின் பக்கம். 2021 இல் ஒன்ராறியோ அரசு சட்டத்தைத் திருத்தியது. 2023 மே மாதம் ஒன்ராறியோவின் பொறியியலாளர் உரிம அமைப்பு அந்த 12 மாத நிபந்தனையை நீக்கியது. நான்கு வருட அனுபவம் இன்னும் வேண்டும், பரீட்சைகளும் வேண்டும். அனுபவம் எங்கே கிடைத்தாலும் சரி, அது என்ன அனுபவம் என்று காட்டினால் போதும். பாரபட்சம் நீங்கியது, பரீட்சை நின்றது. எங்கள் கணிப்பில் இது சரியான முடிவு. ரக்சி ஓடி ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் பிந்திவிட்டது.

இன்று படிக்கிறவர்களுக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. பொறியியல் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் வோஷிங்ரன் உடன்படிக்கையில் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 இல் முழு உறுப்பினராகியது. அதற்குப் பிறகு தரச்சான்று பெற்ற பட்டத்துடன் வெளியேறுபவர்களுக்குப் பட்டத்தை நிரூபிக்கும் அலைச்சல் குறையும். உரிமம் தானாக வராது. பட்டம் வேறு, உரிமம் வேறு.

சரி, இங்கே நிலைமை என்ன? 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு உடைந்தது. ஊர் நித்திரையில் இருந்தது. 120 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வருடத்தில் இந்த நாட்டில் யாரும் தன்னைப் பொறியியலாளர் என்று சொல்லிக்கொள்வதைத் தடுக்க ஒரு பொதுவான உரிமச் சட்டம் இருக்கவில்லை. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 1906 இல் தொடங்கிய ஒரு சங்கத்தின் வழியில் வந்தது, பட்டயப் பொறியியலாளர் என்ற தகுதியையும் கொடுத்தது. ஆனால் அந்தத் தகுதி இல்லாமலும் வேலை செய்யலாம். பொறியியல் தொழில் செய்பவர்கள் எல்லோரும் பதிய வேண்டும் என்று சொல்லும் சட்டம், பொறியியல் பேரவைச் சட்டம், 2017 இல் தான் வந்தது. அந்த ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம். பட்டயப் பொறியியலாளர் மட்டுமில்லை, தொழில்நுட்பவியலாளரும் டிப்ளோமாக்காரரும் கூட அதற்குள் வருகிறார்கள்.

ஒன்ராறியோவுக்கு 1922 இல் இருந்து 1937 வரை, தாளில் இருந்த சட்டம் கட்டாயமாக மாறப் பதினைந்து வருடம் எடுத்தது. எங்கட சட்டத்துக்கு 2032 இல் பதினைந்து வயது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இப்போது பொறியியல் படிக்கிறவர்கள் அந்த நேரம் முப்பது வயதைத் தொட்டிருப்பார்கள். வரைபடத்தில் கையொப்பம் வைக்கச் சொல்லி யாராவது ஒருவர் அவர்களிடம் பேனையை நீட்டிக்கொண்டு நிற்பார்.